கிறெட்ஸ்கி எந்தப் பக்கத்தில்? ஐஸ் ஹொக்கி வீரர்களைக் குடும்பப் பெயர்ப்படி அடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் பக்கத்தில் ஐஸ் என்றால் முல்லைத்தீவுக் கரையிலிருந்து வரும் மீன் பெட்டிக்குள் கிடப்பதுதான். அதன்மேல் ஆட்கள் ஓடி விளையாடுகிறார்கள், அதற்குச் சம்பளமும் வாங்குகிறார்கள் என்று எங்கள் வாசிகசாலைப் பிள்ளைகளுக்குச் சொன்னவன் ஸ்காபுறோவில் பிறந்த என் மருமகன், அக்காவின் மகன். விடுமுறைக்குப் பரந்தனுக்கு வந்தவன் திரும்பும்போது, பயணப்பையில் புழுக்கொடியலுக்கும் மிளகாய்த்தூளுக்கும் இடம் வேண்டுமென்று, வீரர்களின் படமும் விபரமும் அச்சடித்த ஹொக்கி கார்ட்டுகளை இரண்டு சப்பாத்துப் பெட்டி நிறைய எங்களிடம் விட்டுவிட்டுப் போனான்.

"மாமா, லாஸ்ட் நேம்படி ஏபீசீ ஓடர்ல வைச்சா ஈஸி." வாகனத்தில் ஏறும்போது அவன் தந்த அறிவுரை இவ்வளவுதான். ஒரு பின்னேர வேலை என்று நினைத்தேன். மூன்று வாரம் எடுத்தது.

வன்னியில் கனடா உறவு இல்லாத வீதி குறைவு. இன்னும் பல வீடுகளில் கார்கோ பெட்டிகளின் அடியில் இப்படிக் கார்ட்டுகள் கிடக்கும். அவர்களுக்காக, நானும் எங்கள் வாசிகசாலையைப் பார்த்துக்கொள்ளும் ஓய்வுபெற்ற ரீச்சரும் செய்ததை, பிழைவிட்டுத் திருத்தியதையும் சேர்த்து எழுதுகிறேன். நாங்கள் பட்டியல் எழுதிய கொப்பியில் பெயர்கள் ஆங்கில எழுத்தில்தான் இருக்கின்றன. இங்கே தமிழில் எழுதி, தேவையான இடத்தில் எழுத்துக்கூட்டிச் சொல்கிறேன்.

1. குடும்பப் பெயர் எது என்று முடிவெடுங்கள்

இது லேசான கேள்வி என்று நினைக்க வேண்டாம். எங்களுக்கு அப்படி ஒன்று இல்லை. கந்தையாவின் மகன் சிவராசா என்றால் க. சிவராசா. அவருடைய மகனுக்கு முன்னெழுத்து சி. அப்பாவின் பெயர் முன்னால் சுருங்கி நிற்கும், அடுத்த தலைமுறையில் அதுவும் மாறிவிடும். கனடாவில் என்ன நடந்தது? படிவத்தில் 'கடைசிப் பெயர்' என்ற கட்டத்துக்குள் அத்தானின் பெயர் போய் உட்கார்ந்துகொண்டது. இப்போது மருமகனைப் பள்ளிக்கூடத்தில் அத்தானின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்களாம். "அப்பாவைக் கூப்பிடுற மாதிரி இருக்கு" என்று சிரிக்கிறான்.

ஹொக்கி கார்ட்டில் இருப்பது அப்படி ஒரு தலைமுறையோடு மாறும் பெயர் இல்லை. கோர்டி ஹோவின் மகன்மார் மார்க், மார்ட்டி இருவரும் ஹோதான். 1979-80 பருவத்தில் ஹார்ட்போர்ட் வேலர்ஸ் அணியில் அப்பாவும் பிள்ளைகள் இருவரும் ஒன்றாக ஆடினார்கள். மூவரின் கார்ட்டும் ஒரே இடத்தில் சேரும். குடும்பப் பெயரால் அடுக்குவதன் வசதியே இதுதான்.

எங்கள் வழக்கத்துக்குக் கிட்ட வருபவர்கள் ரஷ்யர்கள். ஒவெச்கினின் முழுப்பெயர் அலெக்சாண்டர் மிகைலொவிச் ஒவெச்கின். நடுவில் நிற்பது அப்பா மிகைலின் பெயர். அதைப் பார்த்து மயங்க வேண்டாம். அவர் 'ஓ'வுக்குள்தான் போக வேண்டும்.

2. எந்த எழுத்தின் வரிசை?

முதல் இரண்டு நாள் தமிழ் அகரவரிசையில் அடுக்கினோம். அது முழுப்பிழை. ஏன் என்று சொல்கிறேன், நீங்களும் அந்த ஆசையில் விழாமல் இருக்க.

விளையாட்டின் பெயரையே நாங்கள் ஹொக்கி என்கிறோம், தமிழ்நாட்டார் ஹாக்கி என்கிறார்கள். நாங்கள் ரொறன்ரோ, அவர்கள் டொரண்டோ. 'றிச்சார்ட்' என்று எழுதினால் பட்டியலின் கடைசிக்கு ஓடிவிடும், 'ரிச்சர்ட்' என்றால் யகரத்துக்கு அடுத்து நிற்கும். ரகரத்துக்கும் றகரத்துக்கும் நடுவே நான்கு எழுத்து இருக்கிறது. சீ, ஜீ, கே மூன்றும் ககரத்தில் வந்து குவிகின்றன. பீ இரண்டும் பகரத்தில்.

அதைவிடப் பெரிய தொல்லை உச்சரிப்பு. மொன்றியலிலும் கொலராடோவிலும் கோல்காப்பாளராக இருந்த பற்றிக் என்பவரின் கார்ட்டைப் பார்த்து 'ரோய்' என்று எழுதினேன். ஆர்-ஓ-வை, வேறு எப்படி வாசிப்பது? வட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன்.

"மாமா, அது ரோய் இல்ல, ர்வா. பிரெஞ்சு."

அதற்குப் பிறகு எல்லாப் பெயரிலும் சந்தேகம் வந்துவிட்டது. செக் நாட்டு யாரோமிர் யாகரை ஆங்கிலத்தில் ஜே போட்டு எழுதுகிறார்கள், வாசிப்பது யகரத்தில். ஜொனத்தன் டேவ்ஸ் என்பவரின் பெயர் ரீ-ஓ-ஈ-டபிள்யூ-எஸ். மொன்றியல் அணியின் ஆர்பர் என்பவரின் குடும்பப் பெயர் எக்ஸில் தொடங்குகிறது, சொல்வது 'ஜாக்கை'. அந்த ஒருவரால் எங்கள் எக்ஸ் குவியல் வெறுமையாக இல்லாமல் போனது.

ஆகவே முடிவு இது: வரிசைக்கு ஆங்கில எழுத்து, வாசிக்கத் தமிழ். கார்ட்டில் அச்சடித்த எழுத்துக்கூட்டலைத்தான் அடுக்கப் பயன்படுத்துங்கள். பக்கத்தில் ஒரு நிரை போட்டுத் தமிழில் உச்சரிப்பை எழுதுங்கள். பிள்ளைகள் தேடுவது ஆங்கிலத்தில், கூப்பிடுவது தமிழில்.

இந்த முடிவை எடுத்ததும் அதைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். முகாமில் இருந்த காலத்தில் ஒரு பட்டியலில் என் பெயர் ரீ-எச்சில் தொடங்கியது, இன்னொன்றில் வெறும் ரீயில். ஆள் ஒன்று, பெயர் இரண்டு இடத்தில். "உங்கட பெயர் இல்லை" என்று இரண்டு நாள் திருப்பி அனுப்பினார்கள். விதியை எழுதி வைக்காத பட்டியலில் யாரும் எங்கேயும் தொலைந்து போகலாம்.

3. ஆளுக்கு ஒரு துண்டு

நேரே சீஆர் கொப்பியில் எழுதத் தொடங்காதீர்கள். நடுவில் ஒரு பெயர் புதிதாக வந்தால் செருக இடமிருக்காது. பழைய நூலகங்களில் இருந்தது போல 3 அங்குலத்துக்கு 5 அங்குலம் மட்டைத் துண்டுகளை வெட்டிக்கொள்ளுங்கள். கல்யாணக் கார்ட்டுகளின் பின்பக்கம் எங்களுக்குப் போதுமாக இருந்தது.

துண்டில் முதலில் குடும்பப் பெயர், காற்புள்ளி, பிறகு சொந்தப் பெயர். அடுத்த வரியில் தமிழ் உச்சரிப்பு. பிறகு பிறந்த திகதி, நாடு, ஆடும் இடம், கார்ட்டில் உள்ள அணி, பருவம், கார்ட் இலக்கம், கார்ட்டின் நிலைமை. இதில் பிறந்த திகதியை மட்டும் விட்டுவிடாதீர்கள், காரணம் பின்னால் வரும். அது கார்ட்டின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும்.

அணியை வைத்து அடுக்கலாமே என்று ஒரு பெடியன் கேட்டான். கிறெட்ஸ்கி வட அமெரிக்காவின் பெரிய லீக்கான என்.எச்.எல்.லில் எட்மன்டனில் தொடங்கி, 1988இல் லொஸ் ஏஞ்சலிசுக்குப் போய், 1996இல் சென் லூயிஸ், பிறகு நியூயோர்க் என்று நான்கு அணிகளில் ஆடினவர். அணிப்படி அடுக்கினால் ஒரே மனிதன் நான்கு இடத்தில் நிற்பார். குடும்பப் பெயர் வரிசையில் நான்கு கார்ட்டும் ஒரே துண்டின் பின்னால். 1917இல் மொன்றியலில் தொடங்கிய என்.எச்.எல். லீக்கில் இன்றைக்கு 32 அணிகள் இருக்கின்றன, மாறிமாறிப் போகிறவர்களை யார் துரத்துவது?

பருவம் எழுதும்போது இரண்டு ஆண்டையும் எழுதுங்கள். ஹொக்கி ஒக்டோபரில் தொடங்கி அடுத்த ஆண்டுக்குள் போகிறது. எங்கள் காலபோகம் போலத்தான், மாரியோடு விதைத்துத் தை மாசி கடந்து வெட்டுகிறோமே. 2024/25 என்று எழுதினால் கமக்காரப் பிள்ளைகளுக்கு விளக்கமே தேவையில்லை.

பெறுமதி பற்றி எல்லோரும் கேட்பார்கள். ஓ-பீ-சீ நிறுவனம் வெளியிட்ட கிறெட்ஸ்கியின் 1979-80 கார்ட் ஒன்று 2021இல் 37.5 இலட்சம் அமெரிக்க டொலருக்கு விற்றது. எங்கள் பெட்டியில் அது இல்லை. இருந்திருந்தால் இந்தக் கட்டுரையை வேறு இடத்தில் இருந்து எழுதியிருப்பேன்.

4. பாயில் பரப்புங்கள்

மின்விசிறியை நிறுத்துங்கள். இதை நான் இரண்டு தடவை கற்றுக்கொண்டேன்.

பெரிய பாய் ஒன்றை விரித்து, ஏ முதல் செட் வரை 26 எழுத்தைச் சோக்கால் எழுதிய ஓடுகளை வைத்தோம். முதல் சுற்றில் முதல் எழுத்தை மட்டும் பார்த்துப் போடுங்கள். இரண்டாம் எழுத்தை அப்போதே பார்க்க நினைத்தால் வேலை முடியாது. எல்லாம் விழுந்த பிறகு ஒரு குவியலை எடுத்து அதற்குள் இரண்டாம் எழுத்து, பிறகு மூன்றாம் எழுத்து. எங்கள் பெட்டியில் எம், எஸ் குவியல்கள் பெருத்துக் கிடந்தன. அவற்றைக் கடைசிக்கு விட்டால் சோர்ந்துபோவீர்கள், காலையிலேயே முடியுங்கள்.

ஒருவர் வாசித்து மற்றவர் போடுவதென்றால் ஒரு எச்சரிக்கை. தமிழ் வாயில் இரண்டு பீயும் ஒன்றுதான். ரீச்சர் "பீ" என்று சொல்ல, நான் போட்டதில் பாதி மற்றக் குவியலில் கிடந்தது. பிறகு "போல் பீ, பென் பீ" என்று பிரித்துக்கொண்டோம்.

5. அடங்காத பெயர்கள்

மூன்று வாரத்தில் இரண்டு வாரம் இங்கேதான் போனது.

அடிப்படை விதி: இடைவெளி, புள்ளி, மேற்குறி, சிறுகோடு எதையும் கணக்கில் எடுக்காமல், எழுத்துகளை ஒட்டிப் படியுங்கள். துண்டின் வலது மூலையில் அந்த ஒட்டிய வடிவத்தைப் பென்சிலால் எழுதிவிடுங்கள். நாங்கள் அதை 'வரிசைச்சொல்' என்கிறோம். பிறகு அடுக்கும்போது அதை மட்டும் பார்த்தால் போதும்.

ஓ'ரீ, ஓ'ரைலி போன்ற ஐரிஷ் பெயர்களில் மேற்குறி இல்லாதது போலப் படியுங்கள். 1958 ஜனவரி 18இல் பொஸ்டன் அணிக்காக இறங்கி என்.எச்.எல்.லின் முதல் கறுப்பின வீரரானவர் வில்லி ஓ'ரீ. அவருக்கு ஓ-ஆர்-ஈ-ஈ. ரயன் ஓ'ரைலிக்கு ஓ-ஆர்-ஈ-ஐ. அடுத்தது பொபி ஓர், ஓ-ஆர்-ஆர். பின்னால் ஒவெச்கின். மேற்குறியைப் பெரிதுபடுத்தினால் முதல் இருவரும் ஓ பட்டியலின் தலைப்புக்குப் போய்விடுவார்கள், யாரும் அங்கே தேடமாட்டார்கள்.

ஸ்கொட்லாந்துப் பெயர்களில் எம்-சீ ஒரு வகை, எம்-ஏ-சீ இன்னொரு வகை. பழைய நூலகங்களில் இரண்டையும் எம்-ஏ-சீ என்றே கருதி ஒன்றாக வைப்பார்களாம், ரீச்சர் அப்படித்தான் படித்தவர். அதன்படி மக்டேவிட் மக்கினனுக்கு முன்னால் வந்துவிடுவார். எழுத்துப்படி போனால் மக்கினன், மக்கார், மல்கின், மத்தியூஸ், அதற்குப் பிறகுதான் மக்டேவிட், பிறகு மெசியர். எனக்கும் ரீச்சருக்கும் இதில் ஒரு முழுநாள் வாக்குவாதம். எழுத்துக்கூட்டல் தெரிந்த பத்து வயதுப் பிள்ளை தேடினால் கிடைக்க வேண்டும் என்று நான் சொன்னேன். கடைசியில் எழுத்து வென்றது. ரீச்சர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

சென் லூயி என்பவரின் பெயர் எஸ்-ரீ, புள்ளி, பிறகு லூயி. சுருக்கத்தை விரித்து 'செயின்ட்' என்று படித்தால் சாக்கிக்குக்கூட முன்னால் போய் நிற்பார். கார்ட்டில் உள்ளபடியே எஸ்-ரீ-எல் என்று படித்தால் ஸ்டீவன்சுக்கும் ஸ்டோனுக்கும் நடுவில். நாங்கள் இரண்டாவதைத்தான் பிடித்தோம்.

வான் ரீம்ஸ்டைக் சகோதரர்கள் ஜேம்ஸ், ட்ரெவர். நெதர்லாந்தில் 'வான்' என்ற சொல்லைத் தள்ளிவிட்டு ஆரில் தேடுவார்கள், ரைலிக்கும் றின்னேக்கும் நடுவில். வட அமெரிக்காவில் வீயில், வானெக்குக்கும் வசிலெவ்ஸ்கிக்கும் நடுவில். கார்ட் வட அமெரிக்காவினுடையது, ஆகவே வீ.

இரட்டைப் பெயர்களில் முதல் பாதிதான் வழிகாட்டி. நியூஜென்ட்-ஹொப்கின்ஸ் என்னில், எக்மன்-லார்சன் ஈயில். சிறுகோடு இல்லாமலும் இரட்டைப் பெயர் வரும். பெண்களின் பீ.டபிள்யூ.எச்.எல். லீக் 2024 ஜனவரியில் ஆட்டங்களைத் தொடங்கியது, அதில் கெண்டல் கோயின் ஸ்கொபீல்ட் என்ற அமெரிக்கர் இருக்கிறார். கோயின் பிறந்த வீட்டுப் பெயர், ஸ்கொபீல்ட் கணவருடையது. அவர் சீயில். ஆனால் பிரெஞ்சுக்காரரின் பியேர்-லுக், மார்க்-ஆந்திரே எல்லாம் சொந்தப் பெயரின் சிறுகோடு. அதைக் குடும்பப் பெயரென்று எடுத்து பியேர்-லுக் டுபுவாவைப் பீக்குள் போட்டவன் நான்தான். பெண் வீரர்களுக்கு வேறு கொப்பி வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம், ஒரே வரிசை.

எழுத்தின் தலையில் புள்ளி வைத்த பெயர்கள் கடைசி. பின்லாந்தின் செலானே, ஜேர்மனியின் ஸ்டுட்ஸ்லே, சுவீடனின் ஓலண்ட். சுவீடன்காரர்களின் அரிச்சுவடியில் புள்ளி வைத்த ஓ செட்டுக்கும் அப்பால் தனி எழுத்து. ஜேர்மனியர்கள் புள்ளி வைத்த யூவை யூ-ஈ என்று விரிப்பார்கள். ஆடுபவரின் நாட்டுக்கு ஒரு விதி என்று போனால் எங்களால் முடியாது. புள்ளியை மறந்து வெறும் எழுத்தாக எடுங்கள், ஆனால் துண்டில் எழுதும்போது புள்ளியை விடாமல் வையுங்கள். பெயர் அவர்களுடையது, வரிசை மட்டும்தான் எங்களுடையது.

6. ஒரே பெயர், வேறு ஆள்

குடும்பப் பெயர் ஒன்றானால் சொந்தப் பெயரின் எழுத்து வரிசை. இதில் வயதுக்கு மரியாதை கிடையாது. ஹியூஸ் சகோதரர்களில் மூத்தவர் குவின், நடுவில் ஜாக், இளையவர் லூக். பட்டியலில் ஜாக், லூக், கடைசியில் மூத்தவர். என்.எச்.எல்.லில் ஆடிய சட்டர் வீட்டுச் சகோதரர்கள் ஆறு பேர்: பிரென்ட், பிரையன், டரில், டுவேன், ரிச், ரொன். அதில் பிரையன்தான் எல்லோருக்கும் மூத்தவர்.

செல்லப்பெயர் வந்தால் இந்த வரிசையும் குழம்பும். பொபி ஹல், அவருடைய தம்பி டெனிஸ், மகன் பிரெட். இப்படியே எடுத்தால் பொபி, பிரெட், டெனிஸ். ஆனால் பொபியின் பதிவுப் பெயர் ரொபேர்ட். அதை எடுத்தால் அவர் மகனுக்கும் தம்பிக்கும் பின்னால் போய்விடுவார். கார்ட்டில் எது இருக்கிறதோ அதுவே எங்கள் விதி. கம்ப் வோர்ஸ்லி என்ற கோல்காப்பாளரை லோர்ன் என்று எழுதினால் யாருக்குத் தெரியும்?

பெயர் இரண்டுமே ஒன்றானால்? செபஸ்தியன் ஆஹோ என்று இரண்டு பேர். ஒருவர் பின்லாந்து, 1997இல் பிறந்தவர், கரோலைனாவின் சென்ரர், அதாவது நடுவில் நின்று தாக்கி ஆடுபவர். மற்றவர் சுவீடன், 1996, நியூயோர்க் ஐலண்டர்ஸில் ஆடிய டிபென்ஸ், அதாவது தற்காப்பு வீரர். நாங்கள் இரண்டையும் ஒரு ஆளென்று நினைத்து ஒரே துண்டில் எழுதிவிட்டோம். ஒரு மனிதன் எப்படி இரண்டு நாட்டில் பிறப்பான் என்று பிடித்தவள் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி. பிறந்த திகதியை விடாதீர்கள் என்று முன்னால் சொன்னது இதற்குத்தான். மூத்தவர் முதலில், பெயருக்குப் பின்னால் பிறந்த ஆண்டு.

வன்கூவரின் எலியாஸ் பெட்டர்சன் இதைவிடச் சோதனை. 1998இல் பிறந்த சென்ரர் ஒருவர், 2004இல் பிறந்த டிபென்ஸ் ஒருவர், இருவரும் சுவீடன், இருவரும் ஒரே அணி. 2025இல் அதே அணிக்கு மார்க்கஸ் பெட்டர்சன் என்ற மூன்றாமவரும் வந்தார். நாடும் அணியும் இங்கே உதவாது, ஆண்டுதான் காப்பாற்றும்.

7. 'பார்க்க' துண்டுகள்

ஒருவர் வேறு எழுத்தில் தேடக்கூடும் என்று தோன்றினால் அந்த எழுத்தில் ஒரு வெற்றுத் துண்டு வைத்து, 'லார்சன் – எக்மன்-லார்சன் பார்க்க' என்று எழுதுங்கள். ஆரில் ரீம்ஸ்டைக்குக்கு ஒன்று, எஸ்ஸில் ஸ்கொபீல்டுக்கு ஒன்று. ரஷ்யப் பெயர்கள் நாட்டுக்கு நாடு எழுத்து மாறும், ஜேர்மன்காரர் ஒவெச்கினை ஓ-டபிள்யூ என்று எழுதுவார்கள். அதற்கும் ஒன்று. அளவுக்கு மிஞ்சினால் பெட்டி நிறைய 'பார்க்க'தான் இருக்கும், ஆளைக் காணக் கிடைக்காது.

'எங்கட ஆக்கள் பெயர் இருக்கா' என்று பிள்ளைகள் கேட்டபடியால் போல் பீயில் பாவாவுக்கு நட்சத்திரக் குறி போட்டோம். ரொபின் பாவா 1989இல் வொஷிங்டன் அணிக்கு ஆடியவர், என்.எச்.எல்.லில் ஆடிய முதல் இந்திய வம்சாவளி வீரர்.

8. கொப்பியும் கணினியும்

துண்டுகள் ஒழுங்கான பிறகுதான் சீஆர் கொப்பி. ஒவ்வொரு குவியலின் தடிப்பைப் பார்த்துப் பக்கங்களைப் பங்கிடுங்கள், வரிக்கு வரி ஒரு வெறும் வரி விடுங்கள். எக்ஸலில் அடிப்பதென்றால் வரிசைச்சொல்லுக்குத் தனி நிரை போட்டு அதை வைத்தே அடுக்கச் சொல்லுங்கள். பெயர் நிரையைக் கொடுத்தால் புள்ளிக்கும் இடைவெளிக்கும் அது தன் இஷ்டத்துக்கு முடிவெடுக்கும்.

கார்ட்டுகளுக்கு ரப்பர் பாண்ட் போடாதீர்கள், எங்கள் வெயிலில் ஒட்டிக்கொள்ளும், விளிம்பும் வெட்டுப்படும். பிஸ்கட் ரின் நல்லது. மாரிக்கு முன்னால் சப்பாத்துப் பெட்டிகளில் வரும் ஈரமுறிஞ்சிப் பைகளை உள்ளே போடுங்கள். நிலத்தில் வைக்கவே வேண்டாம், கறையானுக்கு ஏபீசீ தெரியாது.

முடிந்ததும் ஒருவர் கொப்பியை வாசிக்க மற்றவர் கார்ட்டைத் தொட்டுப் பாருங்கள். எங்களுக்கு ஒன்று குறைந்தது: பிரைஸ், கேரி, மொன்றியலின் கோல்காப்பாளராக இருந்தவர். பென் பீ, போல் பீ இரண்டு குவியலையும் கிளறியும் இல்லை. இரண்டு நாள் கழித்து ஒரு பெடியனின் சாதாரணதரக் கணிதப் புத்தகத்துக்குள், திரிகோணகணிதப் பாடத்தில் பக்க அடையாளமாக இருந்தார். சோதனை முடியட்டும் என்று கேட்டான். ரீச்சர் துண்டின் பின்பக்கத்தில் 'இரவல்' என்று எழுதித் திகதி போட்டார்.